தினம் ஒரு தப்பு

எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. வெறும் பிளைவுட் தடுப்புதான். ஒரு காலத்தில் அது ஒரே பெரிய கூடமாக இருந்ததாம். பிள்ளைகள் சேரச் சேர, குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்தப் பக்கம் நான்காம் வகுப்பில் பதினோரு வருஷமாக நான். அந்தப் பக்கம் தப்பு டீச்சர்.

பட்டப்பெயர் வைத்தது பிள்ளைகள்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் கூரையைத் தொடும். காலை ஒன்பது இருபதுக்கு டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே அவர் வரி வரியாக வாய்ப்பாடு சொல்ல, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் திருப்பிச் சொல்வார்கள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு. ஒவ்வொரு வரிக்கும் மேஜையில் ஒரு தட்டு. என் பக்கத்துக் கரும்பலகை அதிர்ந்து சாக்பீஸ் பொடி உதிரும்.

இதில் ஒரு விளையாட்டு உண்டு. சொல்லிக்கொண்டே போகும்போது தினம் ஒரே ஒரு தப்பு வேண்டுமென்றே விடுவார். சில நாள் ஊருக்கே கேட்கிற மாதிரி விடுவார், சில நாள் சத்தமில்லாமல் நடுவில் சொருகிவிடுவார். யார் காதில் அது குத்துகிறதோ அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "தப்பு டீச்சர்!" என்று கத்த வேண்டும். "அய்யய்யோ, அப்படியா? எங்க, நீ சொல்லு" என்று ஒன்றும் தெரியாதவர் போல முழிப்பார். பிள்ளை சரியாகச் சொல்லும். "சரி. உக்காரு" என்பார். பரிசு அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காகப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் அதே வாய்ப்பாடு, முதலிலிருந்து.

சில சமயம் தனித்தனியாகவும் கேட்பார். விரலை நீட்டி, "எட்டேழு..." என்று இழுத்து, ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்வார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவர் காத்திருப்பார். அந்த நேரத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே மூச்சு முட்டும்.

எனக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் கட்டோடு பிடிக்கவில்லை. நான் பயிற்சி முடித்து, பை நிறைய மணிகளும் மரக்கட்டைகளும் வண்ண அட்டைகளுமாக வந்து இறங்கியவள். இருபத்தைந்து வயதில் உலகத்தைத் திருத்திவிடலாம் என்றிருக்குமே, அந்த மிதப்பு. முதல் வாரமே சண்டைக்குப் போனேன்.

"கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வெச்சு என்னக்கா பிரயோஜனம்? எட்டு தடவை ஏழு எடுத்தா ஏன் அம்பத்தாறு வருதுன்னு புரிய வேண்டாமா?"

"கண்டிப்பா புரியணும்மா. நானும் முதல் வாரம் பட்டனை அடுக்கி வெச்சுத்தான் காட்டுறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் பட்டனைத் தேடிக்கிட்டு உக்கார முடியுமா? சாமானை எல்லாம் கைக்கெட்டுற இடத்துல வெச்சு உன்கிட்ட அனுப்புறேன். நீ நிம்மதியா சமைச்சுக்கோ."

"அதுக்கு எதுக்கு தினமும் தப்பா சொல்றீங்க?"

"மனப்பாடம்னா தூங்கிக்கிட்டே சொல்றது இல்ல. தப்பு வந்தா காதுல முள்ளு மாதிரி குத்தணும். அதுக்குத்தான்."

நான் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய பஞ்சாங்கம் என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டு வந்தேன்.

நான்காம் வருஷம் அக்கா படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டு நாலு மாதம் விடுப்பில் போனார். பதிலுக்கு வந்தவர் தங்கமான மனுஷர். பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஒரு சுமை என்றார். நான் கைதட்டாத குறைதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைதியோ அமைதி. அந்தப் பிள்ளைகள் அடுத்த வருஷம் என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஐந்நூற்று எண்பத்தெட்டை ஏழால் வகுக்கச் சொல்லி பலகையில் போட்டேன். வகுத்தல் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும், கேட்டால் அழகாக விளக்கும். ஆனால் ஐம்பத்தெட்டில் எத்தனை ஏழு என்று பார்க்க ஒவ்வொருவரும் நோட்டின் ஓரத்தில் ஏழு ஏழாகக் கோடு போட ஆரம்பித்தார்கள். கோடு போட்டு எண்ணி முடிப்பதற்குள் எதற்காகப் போட்டோம் என்பதே மறந்துபோனது. ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "எட்டு வந்துச்சு டீச்சர். எட்டு எதுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என் முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது.

அதற்கு முந்தைய வருஷம்தான் ஆய்வுக்கு வந்த அதிகாரி என் வகுப்பைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க என்னமா புரிஞ்சு போடுறாங்க!" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளைகள் புரிந்துகொள்ள மனதில் இடம் இருந்ததே அக்கா மற்றதையெல்லாம் முன்கூட்டியே அடுக்கி வைத்ததால்தான். இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வறட்டுக் கௌரவம், வேறென்ன?

இன்னொன்றும் உண்டு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்கே ஏழும் எட்டும் தகராறு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்ததில் அந்த இரண்டும் எங்கோ விழுந்துவிட்டன. நாலாம் வகுப்பு டீச்சர் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணுவாள் என்றால் யாராவது நம்புவார்களா? அக்காவுக்குத் தெரியும். ஒரு நாள் ஆசிரியர் அறையில் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தபோது என் விரல்கள் அசைவதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குத்தானே பேசுவது போல, "எட்டேழு அம்பத்தாறு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவ்வளவு பெரிய மனசு.

அவருக்கு ஒரே மகள். அப்பா அவளுடைய ஆறு வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் மகளும் ஒரு மாடியில் இரண்டே அறையில் இருந்தார்கள். சத்தமில்லாமல் நடக்கும் பிள்ளை, அதனால் வீட்டில் பூனை என்று கூப்பிடுவார். மூன்றாம் வகுப்பில் அவளும் அம்மாவின் வகுப்புக்கே வந்தாளாம். எல்லோரையும் போல முழுப் பெயரால்தான் கூப்பிடுவது என்று அக்கா தீர்மானமாக இருந்தாராம். முதல் நாளே விரலை நீட்டி, "மூவெட்டு... பூனை?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்து உருண்டது. அன்றிலிருந்து அவள் ஊருக்கே பூனை. இப்போது கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் இருக்கிறாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஒன்பது இருபதுக்கு மேஜையில் தட்டு விழுந்தது. ஏழாம் வாய்ப்பாடு. நான் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் திடீரென்று சிரிப்பு. "தப்பு டீச்சர்! தப்பு டீச்சர்!" என்று கூச்சல். ஒருவர் இருவர் இல்லை, வகுப்பே கத்துகிறது. சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடியும், "தப்பு டீச்சர்!"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஸ்கேலை எடுத்து பிளைவுட்டில் படபடவென்று மூன்று தட்டுத் தட்டினேன். "அக்கா, கொஞ்சம் மெதுவா!" என்று வேறு கத்தினேன். அந்த மூன்று தட்டை இப்போது நினைத்தாலும் என் கை கூசுகிறது.

என் வகுப்பு வாசலில் முன்பல் இல்லாத ஒரு சிறுமி வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"டீச்சர், எங்க டீச்சர் எப்பவும் ஒரு தப்புதான் விடுவாங்க. இன்னிக்கு எல்லாமே தப்பா சொல்றாங்க."

ஓடினேன். அக்கா மேஜையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. டஸ்டர் தரையில் கிடந்தது. "ஆறேழு நாற்காலி" என்றார். "ஏழேழு நாற்காலி." பிள்ளைகளுக்குச் சிரிப்பு நின்று போயிருந்தது. முன் வரிசையில் ஒருத்தன் அழ ஆரம்பித்திருந்தான். நான் அக்காவைத் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்க வைத்தேன். தலைமை ஆசிரியர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்ஸில் ஏறும் முன் அந்தச் சிறுமியைப் பிடித்துக் கேட்டேன்.

"எதுல இருந்து தப்பு வந்துச்சு?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாலேழு இருபத்தெட்டு வரைக்கும் சரியா சொன்னாங்க டீச்சர். அஞ்சேழுலதான் நாற்காலின்னாங்க."

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா பேசினாங்க? சுமாரா சொல்லாதீங்க, நேரம் ரொம்ப முக்கியம்" என்பதுதான். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்க மருந்து இருக்கிறதாம், ஆனால் எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் துணிந்து கொடுக்க முடியுமாம்.

"ஒம்பது இருபத்தொண்ணு" என்றேன்.

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ஒம்பது இருபதுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஆரம்பிச்சாங்க. நாலேழு இருபத்தெட்டு வரைக்கும் சரியா சொன்னாங்க. முப்பத்தெட்டு பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார். உயிர் பிழைத்ததற்கும், ஒரு மாதத்தில் தாங்கிப் பிடித்தால் நடக்க முடிந்ததற்கும் அந்த மருந்துதான் காரணம் என்று பிறகு சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் டீச்சரின் மூளையில் அடைப்பு விழுந்த இடத்தை வரி சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். கிளிப்பிள்ளை மாதிரி என்று அன்றைக்கு நான் சொன்னது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான்.

ஆனால் பேச்சு போய்விட்டது. எல்லாம் புரிகிறது, சிரிக்கிறார், கோபம் வருகிறது, வாயைத் திறந்தால் "அது... அது..." மட்டும்தான். கோப்பையைக் காட்டினால் "அது". ஜன்னலைக் காட்டினால் "அது". பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் படம் போட்ட அட்டைகளோடு வருவாள். பூனை வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கட்டிலருகே நிற்பாள். "அம்மா, நான் யாரு? சொல்லும்மா" என்பாள். அக்கா அவள் முகத்தையே பார்ப்பார். உதடு கூடும், பிரியும். பிறகு கண்ணில் நீர் வந்துவிடும். மகளுக்கும் அதே. அந்த அறைக்குள் இருக்கவே முடியாது.

மூன்றாவது வாரம், அந்தப் பெண் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னாள். பத்து வரை தடங்கலில்லாமல் வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டி, "ஓரேழு" என்றேன்.

"ஏழு" என்றார் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் நிற்கவில்லை. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு. பழைய குரல், கூரையைத் தொடுகிற அதே குரல். அஞ்சேழு முப்பத்தஞ்சு என்று அவர் தாண்டியபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸ் வாசலில் நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்தார். பத்தேழு எழுபது. அதற்குப் பிறகு எட்டாம் வாய்ப்பாடு, யாரும் கேட்காமலே. தண்ணீர் என்று கேட்க முடியாத வாயிலிருந்து எண்பது வரைக்கும் கொட்டியது. இடிந்து விழுந்த வீட்டுக்குள் ஒரு அலமாரி மட்டும் கண்ணாடிகூடக் கீறாமல் நிற்கிற மாதிரி.

பயிற்சிப் பெண் எங்களை வெளியே அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னாள். "ரொம்ப வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகினது வேற இடத்துல தங்கியிருக்கும். அது தானா ஓடி வரும். நல்ல விஷயம்தான். ஆனா இதைப் பேச்சுன்னு எடுத்துக்காதீங்க. அவங்களா நினைச்சுச் சொல்ற வார்த்தை ஒண்ணாவது வரணும்."

பூனை நடைபாதைச் சுவரில் சாய்ந்தாள். "எழுபது வரைக்கும் சொல்றாங்க ஆன்ட்டி. எண்பது வரைக்கும் சொல்றாங்க. என்னை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போவேன். ஆளுக்கொரு வரியாகச் சொல்வோம், ஒன்று நான், அடுத்தது அவர். ஏழாம், எட்டாம் வாய்ப்பாடுகளுக்கு மட்டும் வீட்டிலிருந்து படித்துவிட்டுப் போவேன், திருட்டுத்தனமாக. ஒரு நாள் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அலைச்சல். அன்று பார்த்து முதல் வரியை அவரே ஆரம்பித்தார். ஏழேழு நாப்பத்தொம்பது என்று அவர் முடித்ததும் என் முறை வந்தது. மடியில் விரல் விட எனக்கு நேரமில்லை.

"எட்டேழு அம்பத்திநாலு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"தப்பு" என்றார்.

பயிற்சிப் பெண்ணின் கையிலிருந்த அட்டைகள் சரிந்தன. "என்ன சொன்னீங்கம்மா? மறுபடி சொல்லுங்க" என்றாள். அக்கா அவளைக் கவனிக்கவில்லை. என்னைத்தான் முறைத்தார். "தப்பு" என்றார் மறுபடியும், இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி. ஐந்து வாரம் கழித்து, கேட்டு, எடைபோட்டு, தானே நினைத்துச் சொன்ன முதல் வார்த்தை. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் காதில் நட்ட முள் அவருடைய காதிலும் இருந்திருக்கிறது. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இப்படியே போங்க. வேணும்னே தப்பு விடுங்க" என்று பயிற்சிப் பெண் என் காதில் சொன்னாள். வேண்டுமென்றே ஒன்றும் விடவில்லை அம்மா, எனக்கு வந்ததே அவ்வளவுதான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு தப்பு விட்டேன். அக்கா பிடித்தார். தப்பு என்பதோடு "இல்ல" வந்தது. "சரி" வந்தது. ஒரு நாள் "அய்யய்யோ" வந்து எல்லோரும் சிரித்தோம். தண்ணீர் இன்னும் "அது"தான். பூனையின் பெயர் இன்னும் வாயில் வரவில்லை. அவள் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தாள்.

பத்து நாள் போயிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து பூனை நேராக வந்தாள், லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி சட்டைக் கையில் அப்படியே இருக்க. நாங்கள் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் இருந்தோம். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வழக்கம்போலச் சத்தமில்லாமல் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள்.

ஏழேழு நாப்பத்தொம்பது என்று நான் சொன்னேன். அடுத்த வரி அக்காவுடையது.

"எட்டேழு..." என்றார். நிறுத்தினார். மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். மெத்தையிலிருந்து இடது கை எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. வகுப்பில் நீட்டுவாரே, அதே மாதிரி. விரல் பூனையிடம் போய் நின்றது.

"எட்டேழு... பூ..." உதடு நடுங்கியது. "பூனை?"

பூனைக்கு வாய் திறக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்குகிறது, துடைக்கக்கூடக் கை எழவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது, இந்த ஒரு தடவை சரியான பதில். எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். அக்கா அவசரப்படுத்தவில்லை. விரலை இறக்காமல், எத்தனையோ பிள்ளைகளுக்குக் காத்திருந்த மாதிரியே மகளுக்கும் காத்திருந்தார்.

"அம்பத்தாறு" என்றாள் பூனை. குரல் உடைந்து பாதிதான் கேட்டது.

"சரி" என்றார் அக்கா. கையை இறக்கி, மெத்தையில் தன் பக்கத்தில் இருந்த இடத்தை மெல்லத் தட்டினார். "உக்காரு."